மணம் போன பிறகு

ஏறாவூருக்குத் தெற்கே, வாவியை ஒட்டிப் போகும் கிறவல் பாதையின் முடிவில் கச்சி முகம்மது ஹாஜியாரின் காஸ் டிப்போ இருந்தது. மதிலுக்குள் நாலு கொங்கிறீட் கால்களின் மேல் ஒரு வெள்ளைத் தாங்கி படுத்துக் கிடக்கும். பத்து நாளைக்கு ஒருமுறை பவுசர் வந்து, தடித்த குழாயைக் கொழுவி, அந்தத் தாங்கிக்குள் காஸை இறக்கிவிட்டுப் போகும். பிறகு அதிலிருந்து சிலிண்டர்களை நிரப்பி, களுவாஞ்சிக்குடி வரைக்கும் லொறியில் அனுப்புவார்கள். அங்கே பதினொரு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் வால்வுகளுக்கும் குழாய்களுக்கும் பொறுப்பானவன் ஜெயராஜா.

மட்டக்களப்புக் கடற்கரையோரம் டச்பாரில் பிறந்து வளர்ந்து அங்கேயே குடியிருந்த கத்தோலிக்கன். மெலிந்த உடம்பு, நீண்ட விரல்கள், அதிகம் பேசாத வாய். ஆனால் அவனுடைய மூக்கைப் பற்றி ஏறாவூர்ச் சந்தை வரைக்கும் கதை இருந்தது. காஸுக்குத் தனக்கென்று மணம் கிடையாது. கசிந்தால் ஆட்களுக்குத் தெரியவேண்டும் என்று அழுகின முட்டைக்கோவா மாதிரி ஒரு நாற்றத்தைக் கலந்துதான் அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு அது எட்டுவதற்கு முன்னமே ஜெயராஜாவுக்கு எட்டிவிடும். காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றுக்குள் வரும்போதே நின்று, முகத்தைத் தூக்கி, "மூண்டாவது அடுக்கில ஒண்டு கசியுது" என்பான். போய்ப் பார்த்தால் கசிந்துகொண்டிருக்கும். ஹாஜியார் வருகிற போகிறவர்களிடம் அவனைக் காட்டி, "எனக்கு மிசின் ஒண்டும் தேவல்ல, இவன்ட மூக்குப் போதும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவன் மனைவி புஸ்பம். கலியாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை மேர்லின். 2004ஆம் ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தார்த் திருநாளுக்கு அவளுக்கு ஆறு வயது.

அந்த நத்தாரன்று மூவரும் புளியந்தீவில் புஸ்பத்தின் அக்கா செபஸ்தியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். பின்னேரம் ஆனதும், "நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன். அக்காவுக்குக் கஞ்சி வைக்க ஆளில்ல. நீங்களும் நில்லுங்களன்" என்றாள் புஸ்பம்.

மேர்லின் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்புச் சைக்கிள் வீட்டில் நின்றது. விடிந்ததும் ஓடவேண்டும். தகப்பனின் கையைப் பிடித்து வாசல்வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"விடு புஸ்பம், நான் கூட்டிப் போறன். நாளைக்குப் பூசைக்கு வரக்குள்ள உன்னை ஏத்துறம்" என்று ஜெயராஜா பிள்ளையைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து டச்பார் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் கடல் வந்தது.

மேர்லின் ஒழுங்கையில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தாள். இரைச்சல் கேட்டு ஜெயராஜா வெளியே ஓடிவந்தான். என்னவென்று விளங்கவில்லை, ஆட்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் ஓடினான். நூறு அடி போயிருப்பான். கறுப்புத் தண்ணீர் முதுகில் அடித்தது. இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று ஏறியது. பிள்ளையின் இரண்டு கைகளும் அவன் தலைமயிரைப் பற்றியிருந்தன. "அப்பா, விடாதீங்க" என்று அவள் சொன்னது கேட்டது. "விடமாட்டன் மகள்" என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் தண்ணீரோடு உருண்டு வந்த வள்ளமொன்று அவன் நெற்றியில் இடித்தது.

கண் திறந்தபோது ஆஸ்பத்திரி. நாலு நாள் கழிந்திருந்தது. மூன்றாம் நாள் வாவிக்கரையில் கண்டல் மரங்களுக்குள் கறுப்புச் சேற்றில் மேர்லினைக் கண்டெடுத்திருந்தார்கள். புஸ்பம் போய் அடையாளம் காட்டி, அக்கா புருஷனோடு நின்று அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள். ஜெயராஜா பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

புஸ்பம் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கூட்டிப் போனீங்க என்று கேட்கவில்லை. ஏன் கைவிட்டீங்க என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பான். அவள் கட்டிலருகே இருந்து சோற்றைக் குழைத்து ஊட்டினாள். அவன் விழுங்கினான். சோறு மண்ணைப் போல இருந்தது. துக்கத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான்.

மாசி மாதம் அவன் வேலைக்குத் திரும்பினான். நெற்றியில் புருவத்திலிருந்து உச்சிவரை தையல் போட்ட தழும்பு. முதல் கிழமையிலேயே ஒரு பவுசர் வந்தது. இறக்கி முடிந்ததும் குழாயில் மிஞ்சின காஸை வெளியே விடுவதற்காக ஜெயராஜா சின்னத் திருகைத் திறந்தான். வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். பிறகு மூச்சை இழுத்தான். ஒரு மணமும் இல்லை.

'மணம் கலக்காமல் அனுப்பிப்போட்டாங்கள்' என்று அவனுக்குத் திடுக்கிட்டது. இது பெரிய ஆபத்து, உடனே ஹாஜியாரிடம் சொல்லவேண்டும் என்று திரும்பினான். திரும்பினவன் நின்றுவிட்டான். சிலிண்டர் நிரப்புகிற இளையதம்பி சாரன் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். லொறிக்காரன் காறித் துப்பிக்கொண்டு தள்ளிப் போனான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவன் ஏறாவூர் மீன் சந்தைக்குள் சைக்கிளை விட்டான். மீன் கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து மூச்சை இழுத்தான். காற்று வந்தது. காற்று மட்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தழும்பைத் தடவிப் பார்த்தார். "அடி பட்டதில மணம் தெரியிற நரம்பு அறுந்திருக்கும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. ஒரு வருசம் பாருங்க" என்றார். "வேற ஒண்டும் இல்லையே, கண் தெரியுது, காது கேக்குது, அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்க."

ஜெயராஜா யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடம் போனது. வரவில்லை. அப்போதும் சொல்லவில்லை. மூக்கு இல்லாதவனைக் காஸ் டிப்போவில் யார் வைத்திருப்பார்கள்? வேலை போனால் வேறு வேலை தேடலாம்தான். ஆனால் அந்த முற்றமும் தாங்கியும் ஸ்பனரும் தவிர, பகல் பொழுதைக் கொண்டுபோய் வைக்க அவனுக்கு வேறு இடமில்லை. வீட்டில் இருந்தால் தலைமயிரில் இரண்டு கைகள் பிடித்திருப்பது தெரியும். வேலையில் குனிந்திருந்தால் தெரியாது.

அதனால் அவன் சவர்க்காரத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டான். முன்பும் சவர்க்காரத் தண்ணீர் பூசித்தான் கசிவு பார்ப்பார்கள். காஸ் வருகிற இடத்தில் நுரை பொங்கும். முன்பு அது மூக்குக்குத் துணை. இப்போது அதுதான் எல்லாம். அவன் எந்தச் சவர்க்காரம் எவ்வளவு தண்ணீரில் கரைத்தால் நுரை தானாக எழும்பாமல், காஸ் வந்தால் மட்டும் எழும்பும் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஒரு மூட்டுக்கு இரண்டு நிமிடம். கண் சிமிட்டாமல் பார்ப்பான். எழும்பாவிட்டாலும் துடைத்துவிட்டு இன்னொருமுறை பூசுவான். மூட்டுகளுக்குச் சோக்குக் கட்டியால் இலக்கம் போட்டு, பார்த்து முடித்ததைக் குறுக்கே கோடு போட்டு அடித்தான். மற்றவர்கள் அலுத்துக்கொண்டார்கள். "சுனாமிக்குப் பிறகு மனுசன் பயந்துபோனான்" என்றார் இளையதம்பி. காலையில் கேற்றருகே நின்று முகத்தைத் தூக்குவதையும் அவன் விடவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்ல" என்பான். பிறகு ஆட்கள் தேநீருக்குப் போன நேரம் பார்த்து, அடுக்கடுக்காகச் சவர்க்காரத் தண்ணீர் பூசிக்கொண்டு போவான்.

நாலரை வருடம் அப்படிப் போனது. டிப்போவில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. அவர்களுக்குத் திராய்மடுவில் ஒரு நிவாரண நிறுவனம் கல்வீடு கட்டிக் கொடுத்தது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. புஸ்பமும் அவனும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

2009 வைகாசியில் தாங்கியின் இறக்குகிற வால்வு பழுதாகத் தொடங்கியது. பவுசர்க் குழாயைக் கொழுவுகிற வாயில் இருக்கும் பெரிய வால்வு அது. இறுக்கிப் பூட்டினாலும் வாயில் காஸ் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற றப்பர் வட்டு தேய்ந்துவிட்டது என்று ஜெயராஜாவுக்குத் தெரியும். புதுச் சாமான்கள் கொழும்பிலிருந்து வந்திருந்தன. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பவுசர் வரும். அதற்குமுன் கழற்றிப் பூட்டிவிடவேண்டும்.

அன்று காலை ஹாஜியாரின் கந்தோர் அறைக்குள் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தத்தமது வேலையைச் செய்தார்கள். இளையதம்பி மட்டும் சிலிண்டரில் கை வைத்தபடி சும்மா நின்றார். அவருடைய கடைசித் தம்பி வன்னியில் இருந்தான். மார்கழிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஜெயராஜா தாங்கிக்கு அடியில் குனிந்தான். முதலில் தாங்கியின் அடிவால்வை மூடினான். இரண்டுக்கும் இடையில் அடைபட்ட காஸைச் சின்னத் திருகு வழியாக மெல்ல மெல்ல வெளியே விட்டு, மீற்றர் முள் பூச்சியத்துக்கு வரும்வரைக்கும் பார்த்தான். பிறகு எட்டு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினான். தண்டு, ஸ்பிறிங், வட்டு மூன்றும் ஒன்றாக வெளியே வந்தன. றப்பர் வட்டில் நகம் போகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. வட்டு போய் அமர்கிற பித்தளை இருக்கையை எண்ணெய்த் துணியால் துடைத்து, சுண்டுவிரல் நகத்தை வட்டமாக ஓட்டிப் பார்த்தான், எங்கும் தட்டவில்லை. புது வட்டைப் பூட்டினான். தண்டைச் சுற்றி வருகிற றப்பர் வளையங்கள் இரண்டையும் கொழுப்புத் தடவி ஏற்றினான். தண்டின் நுனியில் கூரான திருகுமரை இருந்தது. மரை வளையத்தை வெட்டாமலிருக்க மெல்லிய தாள் சுற்றி ஏற்றவேண்டும். அவன் சுற்றித்தான் ஏற்றினான். இரண்டாவது வளையம் கொஞ்சம் முறுகினதுபோல இருந்தது. விரலால் தடவிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

மூடியை வைத்து, எதிரும் புதிருமாக போல்ட்டுகளை இறுக்கினான். அடிவால்வைக் கால்வாசி திறந்து காஸை உள்ளே விட்டான். சோக்கால் இலக்கம் போட்டான். சவர்க்காரத் தண்ணீரில் பூரிசுத் தூரிகையைத் தோய்த்து மூடி விளிம்பில் பூசினான். இரண்டு நிமிடம். நுரை இல்லை. கோடு போட்டான். சின்னத் திருகு. கோடு போட்டான். வாய்ப்பக்கம். கோடு போட்டான். இனி மிஞ்சினது தண்டின் கழுத்து, தண்டு மூடியைத் தாண்டி வெளியே வருகிற இடம். அதை வால்வு பூட்டினபடி ஒருமுறையும் திறந்தபடி ஒருமுறையும் பார்க்கவேண்டும். ஏனென்றால் வால்வு திறந்திருக்கும்போதுதான் காஸ் தண்டுவரைக்கும் வந்து நெருக்கும். பூட்டினபடி பார்த்தான். நல்லது. வாய்க்கு மூடி போட்டு இறுக்கி, வால்வைத் திறந்து, கழுத்தில் சவர்க்காரத் தண்ணீரைப் பூசினான்.

அந்த நேரம்தான் கேற்றுக்கு வெளியே, கூப்பிடு தூரத்துச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள்.

ஒன்றல்ல. சரம் சரமாக. சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரர்கள் சண்டையில் வென்றதைக் கொண்டாடக் கொடியைக் கட்டிக்கொண்டு கொளுத்தினார்கள். முற்றத்தில் எல்லோரும் ஒரு கணம் விறைத்து நின்றார்கள். பிறகு யாரோ கத்துவது கேட்டது. அது இளையதம்பி. சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி நிலத்தில் இருந்து, "முடிஞ்சிதாம்... என்ட தம்பி எங்கடா... முடிஞ்சிதாம், அவன் எங்கடா..." என்று நெற்றியைச் சிலிண்டரில் இடித்துக்கொண்டிருந்தார்.

ஜெயராஜா பூரிசைப் போட்டுவிட்டு ஓடினான். ஐம்பது வயது மனுஷனைப் பின்னால் இருந்து கட்டிப் பிடித்து, இடிக்கிற நெற்றிக்குத் தன் உள்ளங்கையைக் கொடுத்தான். "அண்ணே, வேண்டாம். அண்ணே, நெத்தியில இடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் இரண்டு பேர் வந்து இளையதம்பியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கிடத்தினார்கள்.

திரும்பி வந்தபோது கழுத்தில் பூசின சவர்க்காரத் தண்ணீர் வெயிலில் காய்ந்து வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. கேற்றில் பவுசரின் ஹோர்ன் கேட்டது. 'பார்த்தேனா? பூசினதும் பார்த்தேன்தானே, ஒன்றும் எழும்பவில்லையே' என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சோக்கை எடுத்தான். கோடு போட்டான்.

பவுசர்ச் சாரதி அஹமட் ஏறாவூர்க்காரன், முப்பத்தைந்து வயது, ஆறு வருடமாக அந்த வழியில் ஓடுகிறவன். இறங்கியதும், "சந்தியில சரியான வெடி அண்ணே. மெதுவா ஓட்டி வந்தன்" என்றான். குழாயைக் கொழுவினார்கள். பம்ப் இரைந்தது. காஸ் இறங்கத் தொடங்கியது. ஜெயராஜா வால்வுக்குப் பக்கத்தில் மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அஹமட் கடதாசி எடுக்க முன்னால் போய், பவுசரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்தான். வந்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணே! மணம் அடிக்கிது!"

"எங்க?" என்றான் ஜெயராஜா.

அஹமட்டின் முகம் மாறியது. "எங்கயா? அண்ணே, நீங்க அதுக்குள்ளதானே நிக்கீங்க!"

ஜெயராஜா குனிந்து பார்த்தான். தண்டின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. அதிலிருந்து மெல்லிய புகை போல ஒன்று நிலத்தை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. வெடிச் சத்தத்திலும் பம்ப் இரைச்சலிலும் அதன் சீறல் கேட்கவே இல்லை.

அஹமட் பாய்ந்து பம்பை நிறுத்திப் பவுசர் வால்வை அடைத்தான். ஜெயராஜா இறக்குகிற வால்வையும் அடிவால்வையும் பூட்டினான். ஆனால் வெளியே வந்த காஸ் நிலத்தோடு படுத்து, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வழியாகக் கேற்றைத் தாண்டிச் சந்திப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காஸ் காற்றைவிடப் பாரம். பள்ளம் பார்த்துத்தான் போகும். கான் முடிகிற இடத்தில் ஆமிக்காரர்கள் அடுத்த சரத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

அஹமட் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு ஓடினான். "மஹத்தயா! காஸ்! காஸ்! கிந்தர எப்பா! கிந்தர எப்பா!" என்று தெரிந்த சிங்களத்தில் நெருப்பு வேண்டாம் என்று கத்தினான். ஒருவன் துவக்கை நீட்டினான். இன்னொருவன், பொடியன் முகத்தோடு இருந்தவன், கொளுத்தின திரியைப் பார்த்தான்; அஹமட்டைப் பார்த்தான்; சப்பாத்துக் காலால் திரியை மிதித்துத் தேய்த்தான்.

ஜெயராஜா தண்ணீர்க் குழாயை இழுத்துக் கானுக்குள் அடித்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் காஸைக் கலைத்துவிடும். எவ்வளவு நேரம் அடிப்பது, இன்னும் மணம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அஹமட் திரும்பி வந்து, "போதும் அண்ணே, போயிற்று" என்று கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினான்.

இருவரும் தாங்கி நிழலில் இருந்தார்கள்.

"எப்ப இருந்து?" என்றான் அஹமட்.

"சுனாமியோட."

அஹமட் வெறுங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டினான். "நான் ஹாஜியாருக்குச் சொல்ல மாட்டன்" என்றான்.

"முதல்ல வால்வைப் பாப்பம்" என்று ஜெயராஜா எழும்பினான்.

மறுபடி கழற்றினார்கள். இரண்டாவது வளையத்தில் மயிரளவு ஒரு வெட்டு. மரையில் பட்டது. புது வளையம் போட்டுப் பூட்டி, ஜெயராஜா பூரிசால் பூசிப் பூசிப் பார்த்தான். அஹமட் அவன் தோளுக்கு மேலால் குனிந்து ஒவ்வொரு மூட்டையும் மணந்து பார்த்தான். பூட்டினபடி, திறந்தபடி, மறுபடி பூட்டினபடி. நுரை எழும்பவில்லை. மணமும் இல்லை. மிச்சக் காஸை இறக்கி முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஜெயராஜா கைகழுவிக்கொண்டு நேரே கந்தோருக்குப் போனான்.

கச்சி முகம்மது ஹாஜியார் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தார். கேற்றடியில் நடந்தது அவருக்குத் தெரியும். வால்வு பழுதென்று மட்டும் தெரியும்.

"ஹாஜியார், எனக்கு மணம் தெரியா. சுனாமியில அடி பட்டதோட போயிற்று."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "நாலரை வருசமாவா?"

"ஓம்."

"காலையில வந்து மூக்கைத் தூக்கி ஒண்டும் இல்ல எண்டு சொல்றது?"

"சும்மா சொன்னது. மறுகா சோப்புத் தண்ணி போட்டுப் பாத்திருவன். ஒரு நாளும் விட்டதில்ல. இண்டைக்குத்தான்..."

ஹாஜியார் கைவிரல்களைப் பார்த்தபடி இருந்தார். "பதினொரு பேர் இஞ்ச வேல செய்யிறாங்க. சந்தியில வீடுகள் கிடக்கு. சுனாமியில போனதுக்கு என்ன வெக்கம் ஜெயராஜா? சொல்லியிருந்தா நான் வேலையால கலைச்சிருப்பனா?"

"கலைச்சிருப்பீங்க, ஹாஜியார்."

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு, "ஓம்" என்றார். "கலைச்சித்தான் இருப்பன்." குரல் தாழ்ந்துபோயிருந்தது. "இப்ப வீட்ட போ. நான் யோசிக்கணும்."

பொழுது சாய்வதற்கு முன்னமே அவன் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியதைக் கண்டு புஸ்பம் வெளியே வந்தாள். "என்ன, நேரத்தோட? உடம்புக்கு ஏலாதா?"

அவன் அடுப்படிக் குசினியில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். வெடி கொளுத்தினது, இளையதம்பி அழுதது, அஹமட் ஓடினது. பிறகு மூக்கைப் பற்றிச் சொன்னான்.

புஸ்பம் அகப்பையோடு நின்றாள். "அப்ப... நான் வைக்கிற கறி?"

"ஒண்டும் தெரியா. உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும். வேற ஒண்டும் இல்ல."

அவள் மெல்ல நிலத்தில் இருந்துவிட்டாள். "அஞ்சு வருசமா நான் என்ன நினைச்சன் தெரியுமா? மீனாணம் கருகினாலும் ஒண்டும் சொல்ல மாட்டீங்க. நல்லா வச்சாலும் ஒண்டும் சொல்ல மாட்டீங்க. பிள்ளையோட உங்கட மனமும் செத்துப்போச்சு, இந்த மனுசனுக்கு நான் இருக்கிறதும் ஒண்டு, இல்லாததும் ஒண்டு எண்டு நினைச்சன். நான் எத்தினை நாள் வேணுமெண்டே உப்பில்லாமக் கூட வச்சிருக்கன். அதையும் தின்னுட்டு எழும்பிப் போனீங்க."

"நீ மனம் நோவாய் எண்டுதான் சொல்லல்ல."

"நோகாமலா இருந்தன்?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் நாலாக மடித்துப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றின ஒரு பொதி இருந்தது. பிரித்தாள். வெள்ளைப் பூ வைத்த நீலச் சட்டை. மேர்லினின் நத்தார்ச் சட்டை. அன்று அக்கா வீட்டில் பிள்ளை அதில் சர்பத்தை ஊற்றிக்கொண்டதால், வேறு உடுப்பு மாற்றித்தான் சைக்கிளில் ஏற்றி அனுப்பினாள். அது அங்கேயே கிடந்து தப்பியது. அவர்களுடைய வீட்டிலிருந்த மற்ற எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது.

"கழுவல்ல" என்றாள் புஸ்பம். "உங்களுக்குக் காட்டினா உடைஞ்சிபோவீங்க எண்டு ஒளிச்சி வச்சன். அடிக்கடி பிரிச்சா மணம் போயிரும். வருசத்துக்கு ஒருக்கா, அவள்ட பிறந்த நாளுக்கு மட்டும் எடுத்து மணந்து பாத்திட்டு வைப்பன். இண்டைக்குக் கொண்டுவந்தது... நீங்களும் ஒருக்கா..." சொல்லி முடிக்கும் முன்னே அவளுக்குத் தான் சொல்வது விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயராஜா சட்டையை வாங்கினான். முகத்தில் வைத்து ஆழமாக மூச்சை இழுத்தான். துணியின் சொரசொரப்பு கன்னத்தில் பட்டது. சர்பத் காய்ந்த இடம் விறைப்பாக இருந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தான். முற்றத்தில் ஆயிரம் நாள் செய்ததுபோல முகத்தை நிமிர்த்திப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"என்ன மணம், புஸ்பம்? சொல்லன்" என்றான்.

அவள் சட்டையை வாங்கி மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். "பவுடர் மணம். தேங்காய் எண்ணெய். கொஞ்சம் வேர்வை... கழுத்துப் பக்கத்தில." துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அவள்ட மணம். வேற எப்பிடிச் சொல்றது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை அது. புஸ்பம் அவன் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். நீங்க ஏன் கூட்டிப் போனீங்க என்று அன்றுதான் கேட்டாள். அவனும் அன்றுதான் சொன்னான்: பிள்ளை கையைப் பிடித்து இழுத்தாள், சைக்கிள் ஓடவேண்டும் என்றாள், அவள் கேட்டால் தன்னால் மாட்டேன் என்று சொல்லமுடியாது என்று.

நாலாம் நாள் ஹாஜியார் ஆளனுப்பிக் கூப்பிட்டுத் தன் முடிவைச் சொன்னார். ஜெயராஜா இனித் தாங்கிப் பக்கம் தனியே போகக்கூடாது. கழற்றுவதும் பூட்டுவதும் அவன். பக்கத்தில் மணம் பார்க்க இன்னொருவர் நிற்கவேண்டும். இரண்டு பேரும் சரி என்றால்தான் பவுசர் இறக்கலாம். நிற்பதற்கு இளையதம்பியைப் போட்டார். அந்த மனுஷன் பிறகு தம்பியின் படத்தை வைத்துக்கொண்டு, வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு மூன்றுமுறை போய் வந்தார். ஒவ்வொருமுறையும் பஸ்ஸால் இறங்கி நேரே டிப்போவுக்குத்தான் வருவார். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஜெயராஜா பூரிசைத் தோய்ப்பான், இளையதம்பி குனிந்து மணந்து பார்ப்பார், "இல்ல" என்பார். அவன் கோடு போடுவான். வேலை செய்யும்போது இருவரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருப்பார்கள்.

வீட்டில் புஸ்பத்துக்கு ஒரு பழக்கம் வந்தது. அவனுக்கு மணங்களைச் சொல்லத் தொடங்கினாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு சாதாரணமாக. "கருவேப்பிலை போட்டாச்சு, இப்பதான் மணக்குது." "பக்கத்து வீட்டில கருவாடு பொரிக்கிறாங்க." "மழை எங்கேயோ பெய்யுது, மண் மணம் வருது." அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். சில நாள், "கருவாடு பாரையா, கட்டாவா?" என்று கேட்பான். அவள் சன்னலில் எட்டி மூச்சை இழுத்துப் பார்த்துப் பதில் சொல்வாள்.

மார்கழியில் வாவி நிரம்ப, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கடலுக்கு வடிந்து கரையெல்லாம் கண்டல் மரங்களுக்கு அடியில் கறுப்புச் சேறு வெளியே தெரிந்தது. அன்று பின்னேரம் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. புஸ்பம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஈரக் கையோடு போய் வாவிப் பக்கத்துச் சன்னலைச் சாத்தினாள். கொளுக்கி இறுகி மாட்ட மறுத்தது. ஜெயராஜா எழும்பிப் போய் அதை இழுத்து மாட்டிவிட்டான். என்ன மணம் என்று அவன் கேட்கவில்லை.